பழைய கணினி, புதிய திரை: விளையாட்டைப் பதிவு செய்யும் முன்

கொமடோர் 64-ஐ மின்சாரத்தில் மாட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. வீட்டு எல்இடி டிவியோ ‘சிக்னல் இல்லை’ என்கிறது. இன்னொருவருக்குப் படம் வருகிறது, ஆனால் பதிவு செய்து ஓட்டிப் பார்த்தால் பறந்த தோட்டாக்களில் பாதியைக் காணோம், நகரும் காட்சி விக்கி விக்கிப் போகிறது. மூன்றாமவருக்கு எழுத்துகளைச் சுற்றி நிறம் ஊர்கிறது. மூன்றுக்கும் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “நாற்பது வருஷத்துப் பெட்டி, போயிருக்கும்.” பெரும்பாலும் அப்படி இல்லை. கணினி தன் வேலையை ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கும். அது அனுப்புவதை இடையில் இருக்கும் கருவிகள் வேறாக எடுத்துக்கொள்கின்றன. எந்த இடத்தில் பிசகுகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு கடைக்குப் போனால் பணமும் மிஞ்சும், பெட்டியும் பிழைக்கும்.

அமெரிக்கக் கொமடோர் 64-உம் பிரிட்டனின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் 1982-இல் வந்தவை. அன்று பெரும்பாலான வீடுகளில் கணினிக்கென்று தனித் திரை கிடையாது. கூடத்து டிவிதான் திரை. பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் இயங்கும் டிவி ஒரு படத்தை 625 வரிகளில் வரைகிறது, ஆனால் ஒரே மூச்சில் அல்ல. முதலில் 312½ வரி, பிறகு அவற்றின் இடைவெளிகளில் இன்னொரு 312½ வரி. நொடிக்கு 50 அரைப்படம், ஆக 25 முழுப்படம். இதற்கு இன்டர்லேஸ் (வரிகளை இடைவிட்டு வரையும் முறை) என்று பெயர். ஊடுபுள்ளிக் கோலத்தில் அடுத்த வரிசைப் புள்ளி மேல் வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழுவதுபோல, இரண்டாம் அரைப்படத்தை நடுவே விழச் செய்வது அந்த மிச்ச அரை வரிதான்.

வீட்டுக் கணினிகளை வடிவமைத்தவர்கள் அந்த அரை வரியைத் தூக்கிவிட்டார்கள். பால் முறைக் கொமடோர் 64 தருவது சரியாக 312 வரி. அதனால் ஒவ்வொரு படமும் முந்தையதன் மேலேயே விழுகிறது. எழுத்து நடுங்காது, நொடிக்கு 50 தனிப் படங்கள் கிடைக்கும். குழாய் டிவி மறுபேச்சில்லாமல் இதை வரைந்துவிடும். இன்றைய டிவியும் மலிவான பதிவுக் கருவியும் வருவதை ஒளிபரப்பு என்று நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒன்றாகப் பின்னிவிடுகின்றன. பாதி அசைவு தொலைவது அங்கேதான்.

இரண்டாவது பிசகு வேகத்தில் இருக்கிறது. கொமடோர் 64 நொடிக்குத் தருவது 50 படம் அல்ல, சுமார் 50.12. 48கே ஸ்பெக்ட்ரம் 50.08. பின்னால் வந்த ஸ்பெக்ட்ரம் 128, 311 வரிகளோடு 50.02. அமெரிக்காவில் விற்ற என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) கொமடோர் 59.83. குழாய் டிவிக்கு இந்தத் துளி வித்தியாசம் பொருட்டே இல்லை. வருகிற வேகத்துக்கு அது ஒத்துப்போகும். எச்டிஎம்ஐ உலகம் அவ்வளவு தாராளமானது அல்ல.

மூன்றாவது, வரிகளின் வேகம். இந்தக் கணினிகள் நொடிக்குச் சுமார் 15,600 வரி வரைகின்றன. சாதாரண விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பது ஏறத்தாழ அதன் இரட்டிப்பு. வெறும் கம்பியால் ஆன ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளின் ஏவி இணைப்பு)-விஜிஏ கேபிள் வாங்கிப் படம் வராமல் தவிப்பவர்களின் சிக்கல் இதுதான். கம்பியில் கோளாறு இல்லை, வேகத்தைக் கூட்ட அதற்குள் ஒன்றும் இல்லை.

இனி அறிகுறிகளைப் பாருங்கள். அடிபட்டவுடன் மின்னி மின்னி மறைய வேண்டிய பாத்திரம் பதிவில் மின்னாமல் நின்றால், அல்லது அடியோடு காணாமல் போனால், இரண்டு படங்கள் ஒன்றாக்கப்படுகின்றன. ஓடும் உருவத்தின் விளிம்பு வரிவரியாகக் கிழிந்தாலும் அதே காரணம். பக்கவாட்டில் நகரும் காட்சி ஓயாமல் விக்கினால், 50-ஐ எங்கோ 60 ஆக்குகிறார்கள்: ஐந்து படத்துக்கு ஒன்று இருமுறை காட்டப்படுகிறது, நொடிக்குப் பத்து விக்கல். எட்டு நொடிக்கு ஒருமுறை மட்டும் லேசாகத் தட்டினால், அது 50.12-ஐ 50-க்குள் அடைத்ததன் விளைவு. அதைப் பெரும்பாலான பார்வையாளர் கவனிக்கவே மாட்டார்கள், விட்டுவிடலாம். திரை அவ்வப்போது கருத்துப் போய்த் திரும்பினால் பதிவுக் கருவியோ மானிட்டரோ அந்த வேகத்தை ஏற்க மறுக்கிறது. கொமடோர் 64-இல் மங்கலான செங்குத்துப் பட்டைகள் தெரிந்தால் வீடியோ மாற்றியைக் குறை சொல்லாதீர்கள். படம் வரையும் விஐசி-II சில்லின் அருகே எழும் குறுக்கீடு அது, குழாய் டிவியிலும் இருந்தது.

கேபிளைத் தொடும் முன் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். பதிவு கெட்டால் மறுபடி பதிவு செய்யலாம், ரேம் சில்லு எரிந்தால் மாற்றுத் தேட அலைய வேண்டும். கொமடோர் 64-உடன் வந்த கனமான பவர் சப்ளை பல மாடல்களில் உள்ளே பிசின் ஊற்றி அடைக்கப்பட்டது. அதன் 5 வோல்ட் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் பாகம்) பழுதானால் அழுத்தம் குறைவதற்குப் பதில் ஏறிவிடும், முதலில் போவது ரேம் சில்லுகள். மல்டிமீட்டரால் அளந்து, 5.25 வோல்ட்டைத் தாண்டினால் அந்த அடாப்டரை அத்துடன் நிறுத்துங்கள். இன்று சரியாகக் காட்டினாலும் நாளைக்கு அது உத்தரவாதம் இல்லை. தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் புதிதாகச் செய்யப்பட்ட மாற்று பவர் சப்ளை வாங்குவதே நல்லது. இந்தக் கட்டுரையில் சொல்லும் செலவுகளில் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான், வீடியோ மாற்றி பிறகு.

ஸ்பெக்ட்ரமின் 9 வோல்ட் அடாப்டர் கணினியில் செருகாத நிலையில் 12, 13 வோல்ட் காட்டும். பதறாதீர்கள், அந்தக் கால ரெகுலேட்டர் இல்லாத அடாப்டரின் இயல்பு அது. பயப்பட வேண்டியது முனை மாறுவதற்கு. ஸ்பெக்ட்ரமுக்கு நடுப்பின் எதிர்முனை. கையில் கிடைத்த 9 வோல்ட் அடாப்டர் அளவில் பொருந்துகிறது என்று செருகினால், அவற்றில் பல நடுப்பின் நேர்முனையாக இருப்பதால், உள்ளே சேதம் நேரும். பிபிசி மைக்ரோ கணினி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் மூடியைத் திறந்து பவர் சப்ளையில் ஒளிபுகும் மஞ்சள் நிற ரிஃபா கெபாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் மேலோட்டில் பெரும்பாலும் விரிசல் விழுந்திருக்கும், ஒருநாள் புகை கக்கும். உயர் மின்னழுத்தப் பகுதி அது, பழகிய மெக்கானிக்கிடம் விட வேண்டிய வேலை. அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியென்றால் அதன் அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகக் கூடாது.

சரி, படத்தை எந்தத் துளையிலிருந்து எடுப்பது? பின்புறத்து ஆன்டெனா சாக்கெட்டை மறந்துவிடுங்கள். கணினி தன் படத்தைச் சிறு டிவி நிலையம்போல அலைவரிசையில் ஏற்றி அனுப்ப, டிவி அதை மறுபடி இறக்குகிறது. இரண்டு இடத்திலும் தரம் போகிறது. போதாததற்கு, பிரிட்டனில் டிவி ஒலி படத்திலிருந்து 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், இந்தியாவிலும் இலங்கையிலும் 5.5. பிரிட்டனுக்கான கொமடோரை இங்குள்ள டிவியின் ஆன்டெனா வழி இணைத்துப் படம் வந்து ஒலி வராமல் இரைச்சல் கேட்டால் காரணம் அது, சில்லு சாகவில்லை.

கொமடோரின் வட்ட ஏவி சாக்கெட்டில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. எட்டுப் பின் என்றால் எஸ்-வீடியோ (ஒளியும் நிறமும் தனித்தனிக் கம்பியில் வருவது) எடுக்கலாம். ஆரம்ப காலத்து ஐந்து பின் பெட்டிகளில் நிறம் தனியே வராது. காம்போசிட் (ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவது) மட்டும்தான். நிறம் ஊர்வது அந்தக் கலப்பால், ஆகவே எஸ்-வீடியோவுக்கு மாறினாலே அது போய்விடும். கொமடோரின் நிறச் சமிக்ஞை எஸ்-வீடியோ தரத்தைவிட வலுவாக இருப்பதால் சில கருவிகளில் நிறம் அடிக்கும். நிறக் கம்பியில் 300 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் உள்ள கேபிள் கேட்டு வாங்குங்கள். ஒலி உள்ளீட்டுப் பின் இணைக்கப்படாமல் தொங்கினால் ரீங்காரம் வரும். நல்ல கேபிளில் அதைத் தரையோடு (கிரவுண்டு) சேர்த்திருப்பார்கள்.

48கே ஸ்பெக்ட்ரமில் வெளியே இருப்பது ஆன்டெனா சாக்கெட் மட்டும். உள்ளே இருக்கும் மாடுலேட்டர் (அலைவரிசையில் ஏற்றும் தகரப் பெட்டி) வரை காம்போசிட் வருகிறது; பெட்டிக்குள் போகும் அந்தக் கம்பியை அதே சாக்கெட்டுக்குத் திருப்பிவிடுவது பிரபலமான மாற்றம். சால்டரிங் தெரிந்தவருக்கு எளிது, பழையபடி மாற்றவும் முடியும். பின்புற விளிம்பில் செருகி நேரடியாக எச்டிஎம்ஐ தரும் அட்டைகளும் உள்ளன. அவற்றில் சில, கணினியின் நினைவகத்தில் எழுதப்படுவதைக் கவனித்துத் தாமே படத்தை வரைகின்றன. பார்க்க அழகு, ஆனால் அது ஸ்பெக்ட்ரமின் சில்லு வரைந்த படம் அல்ல. உண்மைப் பெட்டியின் படத்தைப் பதிவு செய்வதே நோக்கம் என்றால் எனக்கு அதில் சம்மதமில்லை.

1984-இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வந்தது பிபிசி மைக்ரோ. அந்தப் பெட்டி கிடைத்தவர்கள் ஒருவகையில் அதிர்ஷ்டசாலிகள்: ஆறு பின் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனிக் கம்பியில் வருவது) சாக்கெட் அதில் பிறவியிலேயே உண்டு. ஆனால் அதன் நிறச் சமிக்ஞை கணினி உள்மின்சுற்றின் அளவில் வருவது. ஸ்கார்ட் உள்ளீடு கேட்பதோ 0.7 வோல்ட். நடுவே ரெசிஸ்டர் இல்லாத கேபிளால் நேரே இணைக்கக் கூடாது. இந்தப் பெட்டிக்கென்றே ஆர்வலர்களிடம் தொடங்கியது ஆர்ஜிபி2எச்டிஎம்ஐ என்ற கருவி. ராஸ்பெரி பை ஜீரோவை வைத்து ஒவ்வொரு புள்ளியையும் அதன் இடத்திலேயே எடுக்கிறது. பிபிசி மைக்ரோவுக்கு வேறெதையும் தேட வேண்டியதில்லை.

மற்றவர்களுக்கு ஒரு மாற்றி தேவை. கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ‘ஏவி டு எச்டிஎம்ஐ’ டப்பாவைப் பெரும்பாலோர் முதலில் வாங்குகிறார்கள். அது வருவதை இன்டர்லேஸ் என்று எடுத்துக்கொண்டு படங்களைப் பின்னும், பெரும்பாலும் 60-க்கு மாற்றும், 4:3 படத்தை அகலத்துக்கு இழுக்கும். கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க அது போதும். பதிவுக்கு வேண்டாம்.

பதிவுக்கு வேண்டியது 312 வரிப் படத்தை முழுப்படம் என்று அறிந்து நடத்தும் கருவி. எஸ்-வீடியோ, காம்போசிட் என்றால் ரெட்ரோடிங்க் 2எக்ஸ் வகை. ஆர்ஜிபி என்றால் ஓஎஸ்எஸ்சி. ஓஎஸ்எஸ்சியில் காம்போசிட்டும் எஸ்-வீடியோவும் நுழையாது, இதைத் தெரியாமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு. இரண்டும் ஒவ்வொரு வரியையும் வந்த கையோடு இரட்டிப்பாக்கி அனுப்புகின்றன. படத்தைச் சேமித்து வைப்பதில்லை, அதனால் தாமதமும் இல்லை. ஆனால் கணினியின் 50.12 அப்படியே மறுமுனைக்குப் போகும், சில பதிவுக் கருவிகள் முரண்டு பிடிக்கும். அப்போது ஓஎஸ்எஸ்சியில் ஐந்து மடங்கு, நான்கு மடங்கு என்று ஆசைப்படாமல் இரண்டு மடங்குக்கு இறங்குங்கள். அது 576 வரிப் படம், தெரிந்த தரம் என்பதால் பெரும்பாலான கருவிகள் ஏற்கும். ரெட்ரோடிங்க் 5எக்ஸ் போன்ற விலை கூடியவை படத்தைச் சேமித்து அனுப்பவும் வல்லவை. அவற்றின் டிரிப்பிள் பஃபர் நிலை வெளிவேகத்தை ஒரே சீராக வைத்து மிஞ்சும் படத்தைத் தள்ளிவிடும். ஜிபிஎஸ் 8200 என்ற மலிவான போர்டும் உண்டு. தன் சொந்த மென்பொருளில் அது சுமார் ரகம், ஜிபிஎஸ் கன்ட்ரோல் என்ற மாற்று மென்பொருளை ஏற்றினால் வேறு கருவியாகிவிடும். சால்டரிங் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

மாற்றியே வாங்காமல் யூஎஸ்பி பதிவுக் குச்சியில் காம்போசிட்டைச் செருகித்தான் பார்க்க முடியும் என்பவர்களுக்கும் வழி உண்டு. பதிவு செய்யப் பயன்படும் ஓபிஎஸ் மென்பொருளில் அந்த உள்ளீட்டின் மேல் வலது சொடுக்கி, டீஇன்டர்லேசிங் பட்டியலில் ‘ரெட்ரோ’ என்பதையோ ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்பதையோ தேர்ந்தெடுங்கள். பின்னப்பட்ட இரண்டு படங்களையும் பிரித்து 50 ஆக்கித் தரும். கூர்மை கொஞ்சம் போகும், அசைவு திரும்பி வரும். விளையாட்டுப் பதிவில் அசைவுதான் முக்கியம்.

ஓபிஎஸ் அமைப்பில் முதலில் ஃபிரேம் வேகத்தை 50 ஆக்குங்கள். பழக்கத்தில் 60 என்று கிடக்கும். எத்தனை விலையுள்ள மாற்றியின் பலனையும் இந்த ஒரு எண் கெடுத்துவிடும். அமெரிக்கப் பெட்டிக்கு மட்டும் 60. அடுத்து, உள்ளீட்டின் ஸ்கேல் ஃபில்டரிங்கில் ‘பாயின்ட்’ வையுங்கள், புள்ளிகள் குழையாது. உயரத்தை முழு எண் மடங்காகக் கூட்டுவது நலம். ஸ்பெக்ட்ரமின் படப்பகுதி 192 வரி. ஐந்து மடங்கு 960. கொமடோரின் 200 வரி ஐந்து மடங்கில் 1000. இரண்டும் 1080-க்குள் அடங்கி மேலும் கீழும் சிறிது பார்டர் (படத்தைச் சுற்றிய ஓரப் பட்டை) மிஞ்சும். பார்டரை மொத்தமாக வெட்டிவிடாதீர்கள். ஸ்பெக்ட்ரமில் கேசட் ஏறும்போது ஓடும் வண்ணக் கோடுகள் அங்கேதான் வரும். அதைப் பார்க்கவே வருகிறவர்கள் உண்டு. முழுத் திரையின் வடிவம் 4:3, அதாவது 1080 உயரத்துக்கு 1440 அகலம். பக்கத்தில் கருப்பாக விடுங்கள். கருப்பு சாம்பலாக வெளுத்தால் ஒளியைக் கூட்டிக் குறைக்காமல், உள்ளீட்டின் கலர் ரேஞ்சை ‘லிமிடெட்’, ‘ஃபுல்’ இரண்டுக்கும் மாற்றிப் பாருங்கள்.

கோப்பு எம்கேவி வடிவில் இருக்கட்டும். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது திறக்கும், சாதாரண எம்பி4 அப்படியல்ல. எம்பி4 வேண்டுமென்றால் ஓபிஎஸ்ஸிலேயே பிறகு மாற்றிக்கொள்ளலாம், தரம் குறையாது.

ஓபிஎஸ் முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டு விளையாடாதீர்கள். அது தாமதமாக வரும். நீங்கள் குதிக்கும்போது பாத்திரம் ஏற்கெனவே பள்ளத்தில் இருக்கும். பதிவுக் கருவியின் ‘பாஸ்த்ரூ’ எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டி அதில் ஆடுங்கள். குழாய் டிவி இருந்தால் கொமடோரில் இன்னும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு: காம்போசிட் டிவிக்கு, எஸ்-வீடியோ மாற்றிக்கு. இரண்டும் வேறு வேறு பின்கள், ஒன்றையொன்று பாதிக்காது. ஒரே கம்பியை ‘ஒய்’ இணைப்பால் இரண்டாகப் பிரித்தால் மட்டும் படம் இருண்டுவிடும். ஒளித்துப்பாக்கி விளையாட்டுகளுக்குக் குழாய் டிவியைத் தவிர வேறு வழியே இல்லை. குழாயில் ஓடும் கதிரைப் பார்த்துத்தான் அந்தத் துப்பாக்கி குறியை அறிகிறது, எல்இடி திரையில் அந்தக் கதிர் கிடையாது.

எஸ்-வீடியோவிலோ ஆர்ஜிபியிலோ ஒலி வராது. தனிக் கம்பி வேண்டும். முடிந்தவரை அதை மாற்றியின் ஒலி உள்ளீட்டிலேயே செருகுங்கள், படமும் ஒலியும் ஒரே பாதையில் போகும். 48கே ஸ்பெக்ட்ரமின் ஒலி உள்ளே இருக்கும் சின்ன ஸ்பீக்கரிலிருந்து வருவது. அதே சமிக்ஞை இயர், மைக் சாக்கெட்டுகளிலும் கிடைக்கும். அதைப் பதிவு செய்யும் கணினியின் லைன்-இன்னில் தனியாக எடுத்தால் படத்தோடு பொருந்தாமல் முன்பின் ஆகலாம். சோதிக்க ஸ்பெக்ட்ரமிலேயே வழி இருக்கிறது. ‘பார்டர் 2: பீப் 1,0’ என்று பேசிக்கில் ஒரே வரியில் கொடுத்து என்டர் அழுத்துங்கள். பார்டர் சிவப்பாவதும் ஒலி எழுவதும் ஒரே கணத்தில் நடக்கும். பதிவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, சிவப்புக்கும் ஒலிக்கும் எத்தனை ஃபிரேம் இடைவெளி என்று எண்ணுங்கள். 50 வேகத்தில் ஒரு ஃபிரேம் 20 மில்லிநொடி. அந்தக் கணக்கை ஓபிஎஸ் ஒலி அமைப்பின் ‘சிங்க் ஆஃப்செட்’ கட்டத்தில் போட்டுவிடுங்கள்.

சாக்கெட் கருத்து இணைப்பு விட்டுவிட்டு வந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். துரு நீக்கும் எண்ணெய் ஸ்பிரே அடிப்பது, ஹேர் டிரையரால் சூடு காட்டுவது, சில்லுகளைத் தட்டிப் பார்ப்பது ஆகிய கைவைத்தியங்கள் வேண்டாம். எந்தக் கேபிளையும் கணினி அணைந்திருக்கும்போது மட்டுமே செருகவும் பிடுங்கவும் வேண்டும்.

கடைசியாக யூடியூப். 50 வேகம் அங்கே 720 வரியிலிருந்துதான் கிடைக்கும், அதற்குக் கீழே பாதியாகிவிடும். ஆகவே சிறிய கோப்பை அப்படியே ஏற்றாமல் 1080-க்கோ அதற்கு மேலோ பெரிதாக்கி ஏற்றுங்கள். மெல்லிய சிவப்பு எழுத்துகள் குழைவதும் அப்போது குறையும், ஏனென்றால் வீடியோ சுருக்கத்தில் நிறத்தின் நுணுக்கம் பாதியாக்கப்படுகிறது. ஒரு புள்ளி ஐந்து புள்ளியாகப் பெருத்திருந்தால் அந்த வெட்டு தெரியாது. ஏற்றி முடித்த சிறிது நேரத்துக்கு 360 வரி மட்டும் கிடைக்கும், படம் மங்கலாக, விக்கலோடு ஓடும். அதைப் பார்த்து அமைப்புகளைக் கலைக்காதீர்கள், வீடியோவை அழித்து மறுபடி ஏற்றவும் வேண்டாம். உயர்ந்த தரங்கள் ஒவ்வொன்றாகத் தயாராகி வரும்வரை காத்திருந்து, தர அமைப்பில் ‘1080பி50’ என்று தெரிந்த பிறகு பாருங்கள்.